than-க்குப் பின்னால் ஒரு do

தொண்ணூறுகளில், திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. என்னை வேலையில் வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பாடத்திலிருந்த வரியைப் பலகையில் எழுதினேன்: "Girls read more than do boys."

ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், boys-க்கு முன்னாடி do வந்தா கேள்விதானே? கேள்விக்குறி காணோமே."

ஏன் அப்படி என்று எனக்கும் தெரியாது. அச்சுப்பிழை என்று சொல்லி அழித்துவிடலாமா? கடைசி பெஞ்சைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"தெரியலம்மா. பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மணி அடித்ததும் தலைமையாசிரியை அருகில் வந்தார்.

"நானும் இந்தப் பாடம் நடத்தியிருக்கேன். யாராவது கேட்டுடுவாங்களோன்னு பயந்து, அந்த வரியை வேகமா தாண்டிடுவேன். பதில் கெடச்சா எனக்கும் சொல்லுங்க."

அன்று மாலையே இலக்கண நூலில் தேடிப் பிடித்தேன். ஒப்பிட்டு எழுதும்போது than-க்குப் பிறகு do போன்ற துணைவினை முந்தி, எழுவாய் பிந்தி வரலாம், அது கேள்வியாகிவிடாது. மறுநாள் அதைச் சொன்னபோது தலைமையாசிரியையும் வந்து கேட்டார்.

வகுப்பில் ஒரு கை உயர்ந்தால் இன்றும் எனக்குப் பயம்தான். அந்தப் பயத்தோடேயே "கேளும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.