முன்கூட்டியே சொன்ன நன்றி

"விசுவாசமா இரு, எல்லாம் நடக்கும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் தலை வலிக்கிறது. கடவுள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர்கள் சொல்லுவதைச் சொல்லி, காப்பியையும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு படுத்த படுக்கையாகக் கிடக்கிற என் வீட்டுக்காரரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியது நான்தான்.

பாம்பனுக்குப் பக்கத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் வலையைச் சுருட்டி இழுக்கிற விஞ்சு மெஷினின் கம்பி அறுந்து அவர் இடுப்பில் அடித்தது. கரைக்குக் கொண்டுவந்து, ராமநாதபுரத்தில் காட்டி, அங்கிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகுத்தண்டு போய்விட்டது, இனி நடக்க முடியாது என்று மதுரை டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்காமல் சொன்னார். கடைசியில் மட்டும், என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டோ என்னவோ, "ஏதாச்சும் அதிசயம் நடந்தாத்தான் உண்டும்மா" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார். பக்கத்தில் நின்ற என் நாத்தனார் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

முதல் வருஷம்தான் ரொம்பக் கொடுமை. வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், அதற்குப் பிறகு யாரோடும் பேச்சு இல்லை. சோற்றை வாயருகில் கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். ஒருநாள் என் கையைப் பிடித்து, "என்னைய விட்ரு புள்ள, நான் போயிர்றேன்" என்றார். எங்கே போவதாகச் சொல்கிறார் என்பது புரிந்தது. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த மகளிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. அவரைக் கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு தடவை தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன். கடைசியில் அவரோடு தொழிலுக்குப் போனவர் ஒருவர் கிழிந்த வலையைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் மாட்டி, "ஏலே, சும்மா கெடக்குறதுக்கு இதப் பொத்திக் குடு" என்று போட்டுவிட்டுப் போனார். கை சும்மா இருக்கவில்லை. வலையின் கிழிசலைப் பொத்த ஆரம்பித்தார், பிறகு சாப்பிட ஆரம்பித்தார், அதற்குப் பிறகு என் சமையலைக் குறை சொல்லவும் ஆரம்பித்தார். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் கத்திய அன்று நான் அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

ஆனால் வீட்டை விட்டு வெளியே மட்டும் வரமாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இருட்டோடு போய் இருட்டியபிறகு திரும்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டால், "என்னையத் தூக்கிட்டுப் போறத ஊரு வேடிக்கை பாக்கணுமாக்கும்?" என்பார். நானும் விட்டுவிட்டேன். எனக்கு நேரமும் இல்லை. விடிந்ததும் அவருக்குச் செய்யவேண்டியதைச் செய்து, யூரின் பையை மாற்றி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நண்டுக் கம்பெனிக்கு ஓடுவேன். அவித்த நண்டிலிருந்து சதையைப் பிரித்தெடுக்கிற வேலை. மத்தியானம் ஓடிவந்து அவரைப் புரட்டிவிட்டு மறுபடி ஓடவேண்டும். இதற்கு நடுவில் நான் வேண்டிக்கொள்வதெல்லாம் ஒன்றுதான். ஆண்டவரே, இன்றைக்கு ஒரு பொழுதை ஓட்டிவிடும். கால் கொடும் என்று கேட்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

நாத்தனார் நிறுத்தவில்லை. அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். தாய் செத்தபோது வீட்டுக்காரர் கைக்குழந்தை, மதினிக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். இடுப்பில் தூக்கிக்கொண்டே வளர்த்தவர். தம்பி கிடையில் விழுந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார், செருப்புப் போடுவதை விட்டார், எந்தக் கோயிலில் குணமளிக்கும் கூட்டம் என்றாலும் பஸ் ஏறினார். வரும்போது மந்திரித்த எண்ணெய் கொண்டுவந்து தம்பியின் காலில் தேய்ப்பார். அந்த எண்ணெய் படாத துணி எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அவர் காலைத் தேய்க்கிற விதத்தைப் பார்த்தால் வாயைத் திறக்க மனசு வராது.

அப்படி ஏதோ ஒரு கூட்டத்தில், கேட்கும்போதே கிடைத்துவிட்டதாக நம்பி நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருவர் பிரசங்கம் வைத்திருக்கிறார். மதினி நேராகப் பங்குச் சாமியாரிடம் போனார். தம்பி நடந்ததற்கு நன்றியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நடக்கப்போவதற்கு என்று சொன்னால் அது நம்பிக்கைக் குறைச்சலாம். சாமியார் புதிதாக மாறி வந்த இளவயசுக்காரர். எங்கள் வீட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தார்கள். எங்கள் ஊரில் கோயில் மைக்கில் சொன்னால் கடற்கரை வரைக்கும் கேட்கும். விபத்தில் படுத்திருந்தவர் இறைவன் அருளால் எழுந்து நடப்பதற்கு நன்றியாக அடுத்த ஞாயிறு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும் என்று வீட்டுக்காரர் பெயரோடு காற்றில் வந்தது. நான் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அன்றைக்கே சனம் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு அம்மா வாழைப்பழத்தோடு வந்தது. இரண்டு பேர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பொறுக்கமுடியாமல் ஒருத்தியிடம், "நடக்குறவரு கடைக்குப் போயிருக்காரு, இங்கன உக்காரு, வந்துருவாரு" என்றேன். அவள் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் என்னைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ வேலைக்கு வரமாட்டியேக்கா" என்றாள். எனக்கு யாரை வைவது என்று தெரியவில்லை. நண்டு ஓட்டில் கையைக் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இதெல்லாம் போகட்டும். என்னைப் பயமுறுத்தியது வீட்டுக்காரர்தான். வலையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு, போர்வையை விலக்கித் தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். புதன்கிழமை மத்தியானம் நான் ஓடிவந்தபோது, "பெருவெரல் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு, நீ பாரேன்" என்றார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தேன். அசையவில்லை. "எனக்குத் தெரியலயே" என்றேன். "நீ சரியாப் பாக்கல" என்றார். அந்தக் குரலில் ஆசை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஞாயிறு வரும், கால் வராது. அன்றைக்கு இவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டால், இன்னொரு தடவை இவரைத் திருப்பிக் கொண்டுவர என்னிடம் தெம்பு கிடையாது. இவர் போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சாமியாரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "பூசைய நிறுத்திருவோம்மா, இல்லன்னா குணம் கிடைக்க வேண்டின்னு மாத்திருவோம்" என்றார். வீட்டுக்கு வந்தால் மதினி தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒன்னாலதான் என் தம்பி நடக்காமக் கெடக்கான். நீ நம்பவே இல்ல. இந்த வீட்டுல ஒருத்தி நம்பாம இருந்தா ஆண்டவர் அருள் எப்படி எறங்கும்?"

"ஆமா மதினி, நான் நம்பலதான். பீ மூத்திரம் அள்ளுறதுக்கு நானு, நம்புறதுக்கு நீங்க. ரெண்டுபேருமாப் பங்கு போட்டுக்கிருவோம்" என்றேன். இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தச் சொல்லோடு வந்துவிட்டது. மதினி அழுதார். நான் அழவில்லை, அவ்வளவு அசதி.

வீட்டுக்காரர்தான் பேசினார். "பூசைய மாத்த வேணாம். அக்கா சொன்னபடியே இருக்கட்டும். நான் கோயிலுக்கு வாரேன்" என்றார். மதினி போனபிறகு கேட்டேன். "நடந்துருவோம்னு நெனச்சா வாரீக?" அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு தொழிலுக்குப் போனவர்கள் வந்தார்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் இருக்க வயிற்றோடு ஒரு துண்டைச் சேர்த்துக் கட்டினேன். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தெரு முழுக்கச் சனம் நின்றது. அவர் யாரையும் பார்க்காமல் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போனார். கோயிலில் நடுப்பாதை ஓரமாக நாற்காலியை வைத்தார்கள். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் மதினி. இந்தப் பூசை யாருக்காக, எதற்காக என்று வாசிக்கும்போது சாமியாருக்குக் குரல் தடுமாறியது. கோயிலே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, ஆண்டவரே, நீர் நடக்கவைக்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த மனுஷனை உடைத்துப் போட்டுவிடாதேயும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் வாசகங்கள் முடிந்தன. நற்செய்திக்கு எல்லாரும் எழுந்திருக்க வேண்டும். அல்லேலூயா பாடத் தொடங்கியதும் வீட்டுக்காரர் துண்டின் முடிச்சைத் தானே அவிழ்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார். கடலில் உழைத்த கை அது. உடம்பு ஒரு சாண் மேலே எழும்பியது. பின்னாலிருந்து யாரோ "இயேசுவே" என்று சத்தமாகச் சொன்னார்கள். கழுத்து நரம்பு புடைத்து நிற்க அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். கால் வரவில்லை. பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். பாட்டு முடிந்தது.

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலில் கிடந்து வந்தாலும் நற்செய்திக்கு எழுந்து நிற்கிறவர் அவர். தலையைக் கவிழ்த்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியார் புத்தகத்தின் முன்னால் காத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து, "அக்கா, எந்திரி. நற்செய்தி வாசிக்கப் போறாக" என்றார்.

மதினி தலையை ஆட்டினார். "நீ எந்திரிக்காம நான் எந்திரிக்க மாட்டேன் தம்பி."

"நான் எந்திரிக்க மாட்டேன்க்கா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. தன் வாயால் அதை அவர் சொன்னது அன்றைக்குத்தான். "நீ எந்திரி. சாமியார் நிக்கிறாரு பாரு."

கையை நீட்டினார். மதினி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசகம் முடியும்வரை அந்தக் கையை விடவில்லை. அன்றைக்கு என்ன வாசித்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணீர் வழிய நின்றேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வாடியிருந்தது, ஆனால் மூடிக்கொள்ளவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தபோது யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவரேதான் ஒருவரிடம், நேற்று கரைக்கு வந்த போட்டில் என்ன மீன் பட்டது என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் கோயில் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதுகில் புண் வந்துவிடுமே என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்து, சட்டையைக் கழற்றும்போது சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் என்னையக் கூட்டிட்டுப் போறியா?"

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பாதிப்பேர் அடுத்த வாரம் கடலில் இருப்பார்கள், யார் தூக்குவார்கள், என் இடுப்பு தாங்குமா, இது ஒவ்வொரு வாரமும் எப்படி முடியும் என்றுதான் ஓடியது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, போவோம்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.