நழுவுகிற நரம்புக்கு ஒரு விண்ணப்பம்

காப்புரிமை அலுவலகத்தில் நான் முக்கியமாகச் செய்தது, வந்த விண்ணப்பங்களைப் படித்துவிட்டு ‘இது புதிதல்ல’ என்று எழுதி அனுப்பியது. ஓய்வு பெற்று மாமல்லபுரத்தில் குடியேறியபோது, இனி அந்த வாக்கியத்துக்கு வேலையில்லை என்று நினைத்தேன்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நான். மாதம் ஒருமுறை செங்கல்பட்டில் ஒரு சிறிய கிளினிக்கில் இரத்தம் கொடுக்க வேண்டும். என் கை நரம்புகள் ஊசியைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். பலர் குத்திப் பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். அந்தக் கிளினிக்கின் சிஸ்டர் மட்டும் முதல் குத்திலேயே எடுத்துவிடுவார். எப்படி என்று கேட்டதற்கு, அலமாரியிலிருந்து ஒரு கையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மெத்தை நுரையை வெட்டிச் செய்த கை. மேலே பழைய ரெயின்கோட்டுத் துணி. உள்ளே, நரம்புக்குப் பதிலாக, சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர் குழாய், விளக்கெண்ணெய் தடவி. தொட்டேன். நழுவியது.

“ஊசி குத்திப் பழகன்னு கடையில விக்கிற கையில நரம்பு கம்பியாட்டம் நிக்கும் சார். எந்த பேஷண்டுக்கு அப்டி கீது? உங்க கையவே பாருங்க, பேஜாரு புடிச்ச கை.”

காப்புரிமை கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன். வேலையில்லாதவனின் வாய். அவர் பிடித்துக்கொண்டார். முன்பு வேலை பார்த்த இடத்தில், டிரிப்ஸ் குழாய் விலகாமலிருக்க அவர் தைத்த பட்டையை ஒரு டாக்டர் தன் பெயரில் பதிந்துகொண்டாராம்.

“இதுலயாவது எம்பேரு வரணும் சார்.”

விவரக்குறிப்பு, உரிமைக் கோரல்கள், வரைபடம் எல்லாவற்றையும் நானே தயாரித்தேன். முன்பே வெளியில் தெரிந்தது புதிதாகாது என்பதால், கேட்டாக வேண்டிய கேள்வியையும் கேட்டேன்: இதை வெளியில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

“யாருமே பாக்கல சார்.”

இந்தப் பதிலைக் காகிதத்தில் ஒருநாளும் நம்பாதவன், நேரில் நம்பிவிட்டேன்.

கையெழுத்தும் ஆயிற்று. தாக்கல் செய்வதுதான் பாக்கி. அந்த மாதம் செங்கல்பட்டு வரை பஸ்ஸில் போகத் தெம்பில்லாமல், மாமல்லபுரத்திலேயே ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணும் முதல் குத்திலேயே எடுத்தார். பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டேன்.

“இதை எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?”

“யூடியூப்ல சார். சைக்கிள் வால்வு டியூப்ல நரம்பு செய்ற வீடியோ. அத பாத்துதான் நாங்கல்லாம் ஆளுக்கொரு கை செஞ்சிக்கினோம்.”

போனை நீட்டினார். முகம் இல்லை. ஆனால் அந்தக் குரல் தெரிந்த குரல். அந்த விரல்களும். வீடியோவை ஏற்றி இரண்டு வருடமாகியிருந்தது.

இரத்த முடிவு சரியில்லாததால் அடுத்த வாரமே மறுபடி எடுக்கச் சொன்னார்கள். செங்கல்பட்டுக்குப் போய் சிஸ்டரிடம் சொன்னேன்.

“அது எங்கிட்ட ஊசி போடக் கத்துக்கின பொண்ணுங்க கேட்டாங்கன்னு போட்டது சார். அவங்க இன்னா வெளியாளா?”

“ஊர் உலகமே பார்க்கிற மாதிரி போட்டிருக்கீங்க சிஸ்டர்.”

“இப்பவே எடுத்துட்றேன்.”

“எடுத்தாலும் வெளியானது வெளியானதுதான். தெரிஞ்சிகிட்டே நான் தாக்கல் பண்ண முடியாது.”

அவர் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே.

“அப்ப அந்த டாக்டரு நாளிக்கி இதயும் அவரு பேர்ல எழுதிக்குவாரா?”

“முடியாது. அந்த வீடியோவைக் காட்டினா யார் விண்ணப்பமும் நிக்காது.”

“நெஜமாவா?”

“அதைச் சொல்லித்தான் அத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.”

“அப்ப அது அங்கியே இருக்கட்டும்.”

ஊசியை எடுத்தார். முதல் குத்தில் நரம்பு நழுவியது. இரண்டாவதிலும் நழுவியது. என் முகத்தைப் பார்க்காமல், “சாரி சார்” என்றார்.

மற்ற கையை நீட்டினேன்.