ஸ்வெட்டருக்குள் இருந்த அரிப்பு

என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலின் பித்தக் குழாய்களைச் சிதைக்கிறது. அதனால் தோலெல்லாம் அரிப்பு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில், இதற்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தேன். வாரந்தோறும் நர்ஸ் போன் செய்து, அரிப்பு பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார். குன்னூரில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த போன் வரும். எங்கள் ஆட்களுக்கு அரிப்பென்றால் அழுக்கு, கல்லீரலென்றால் குடி. அத்தனை காதுகளுக்கு நடுவே எதைச் சொல்லித் தொலைப்பது? "ஒண்ணோ ரெண்டோதானுங்க" என்பேன். மிச்சத்தை ஸ்வெட்டர் மறைத்துக்கொள்ளும்.

அடுத்த பரிசோதனைக்கு மலையிறங்கிப் போனேன். அந்த வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ரத்தம் எடுப்பதற்காக நர்ஸே அதன் கையை மேலே சுருட்டினார். முழங்கை வரை கீறல்கள்.

"ஏனுங்க டீச்சர், மருந்து நல்லா கேக்குதுன்னு சந்தோசப்பட்டமுங்க. நீங்க சொல்றத நம்பித்தானே நாளைக்கு இன்னொருத்தருக்குக் குடுப்பாங்க?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இப்பச் சொல்லுங்க, எவ்வளவு?"

கதவு திறந்திருந்தது. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினேன். நகக்கண்களில் ரத்தம் காய்ந்திருந்தது.