ஆணி இறங்காத காசு

கல்லில் விழுந்த அந்த ராஜா தலை ரூபாய் சத்தமே போடவில்லை. நல்ல வெள்ளி என்றால் கணீரென்று பாடி, துள்ளி, தூரப் போய் விழும். இது ஈரச் சாணி மாதிரி 'தொப்'பென்று விழுந்து அப்படியே கிடந்தது. கோவில்பட்டி மாட்டுச் சந்தையில், அத்தனை பேர் பார்க்க, மாட்டுத் தரகர் அதைக் குனிந்து எடுத்தார். அடுத்த நொடி அவருடைய புறங்கை என் வாயில் இறங்கியது. ரத்தம் உப்புக் கரித்தது.

இன்றைக்கு இந்த வட்டாரத்தில் யார் வீட்டுப் பானையில் பழைய வெள்ளி ரூபாய் அகப்பட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். சொந்தமாக லாரிகளும் பருத்தி அடைக்கும் கிட்டங்கியும் வைத்திருக்கிறேன் என்றால் அது எவனும் தூக்கிக் கொடுத்ததல்ல. காசைக் கையில் வாங்கினதுமே சொல்லிவிடுவேன். கனம் ஒரு தோலா நிற்க வேண்டும். விளிம்பு வரி வரிசை பிசகாமல் ஓட வேண்டும். விரலில் தேய்த்தால் கறுப்பு ஒட்டக்கூடாது. கல்லில் போட்டுச் சத்தம் கேட்பதை மட்டும் நான் செய்வதில்லை. சத்தத்தை நம்பினால் என்ன நடக்கும் என்பது என் உடம்பில் எழுதியிருக்கிறது.

நயா பைசா வராத காலம் அது. புரட்டாசியில் முதல் மழை பெய்து கரிசல் ஊறிக் கிடந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தேன். ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் போச்சு, குத்தகையும் போச்சு. மறுபடி அடுத்தவன் வண்டிக்குப் பின்னால் நடக்க வேண்டியதுதான். எனக்கு அன்றைக்கே ஒரு ஜோடி காளை வேண்டும். பசுவந்தனைப் பெரியவர் ஒருவருடைய மயிலைக் காளைகள் தரகர் பேசி விலை படிந்தன. எங்கள் பக்கம் மாட்டுக்கு அச்சாரம் வெள்ளி ரூபாயில்தான் கொடுப்பது. தாளில் கொடுத்தால் மாடு வீட்டில் தங்காது என்பார்கள். என்னிடம் இருந்தது அம்மா கழுத்தில் கிடந்த ஒற்றை ரூபாய். அதில் பற்றவைத்திருந்த வளையத்தைத் தட்டானிடம் கொடுத்து எடுத்து, அடையாளம் தெரியாமல் அராவி வாங்கி வந்திருந்தேன். நெருப்பில் வாட்டி ஒட்டுப்போட்ட காசுக்குத் தொண்டை கட்டிவிடும். வெள்ளி வெள்ளிதான், பேச்சுத்தான் போய்விடும்.

தரகருக்கு இது தெரியாதா? விளாத்திகுளம் வரைக்கும் அவரைப்போல் வெள்ளி பார்க்கத் தெரிந்த ஆள் கிடையாது. அவர் காசைக் கையில் வாங்கிப் பார்ப்பதை எட்ட நின்று பார்த்துத்தான் நானும் பாதி படித்தேன். ஆனால் அச்சாரம் கை மாறின பிறகு கழுகுமலைக்காரர் ஒருத்தர் வந்து அதே காளைகளுக்குக் கூடுதலாகக் கேட்டுவிட்டார். விலை கூடினால் தரகும் கூடும். அச்சாரத்தை முறிக்க ஒரே வழி, காசு கள்ளக்காசாக இருக்க வேண்டும். பெரியவர் கையிலிருந்து "இங்கன குடுங்க, ஒரு தடவ பாத்துருவோம்" என்று வாங்கினவர்தான் அதைக் கல்லில் போட்டார்.

"ஏலே, ஈயத்தக் கொண்டாந்து காளை பிடிக்கவா வந்த?"

"அண்ணாச்சி, அது எங்கம்மா கழுத்துல கெடந்தது. வளையம் எடுத்த காசு, அதான் பேசல."

"பேசலயா? ஒன்னையப் பேச வைக்கேன், இரு."

பேச வைத்தார். அவருடைய ஆட்கள் என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறி மிதித்தார்கள். சந்தைக்கு வந்த சனமும் சேர்ந்துகொண்டது. கள்ளக்காசு என்று ஒரு சொல் விழுந்தால் போதும், முன்பின் தெரியாதவனும் வந்து ஒரு மிதி மிதித்துவிட்டுப் போவான். சாட்டைக் கம்பு, செருப்பு, கல் எல்லாம் விழுந்தது. நானும் சும்மா கிடக்கிறவன் இல்லை. ஒருத்தன் காதைக் கடித்தேன். அவன் அலறிய அலறலில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. அதற்கும் சேர்த்து விலாவில் வாங்கினேன்.

சந்தை வாசலில் சுங்கம் வாங்கும் கொட்டகைக்கு ஒரு உடைமரத் தூண் உண்டு. பிடிபட்ட கள்ளக்காசை அதில் ஆணி அடித்து வைப்பார்கள். காசு தூணில் ஏறிவிட்டால் கொடுத்தவன் அந்தச் சந்தையில் மறுபடி மாடு பிடிக்க முடியாது. தரகர் சுத்தியல் கேட்டு வாங்கினார். என்னைத் தூணுக்கு இழுத்துப்போய், தலைமுடியைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்க்க வைத்தார்கள். காசைத் தூணில் வைத்து ஆணியை நிறுத்தி ஓங்கி அடித்தார். ஆணி மடங்கிக் கீழே விழுந்தது.

அங்கே ஓடிய கள்ளக்காசெல்லாம் ஈயத்தை உருக்கி ஊற்றினது. ஒரு தட்டில் ஆணி உள்ளே போய்விடும். தூணில் ஏற்கெனவே இருந்தவை அப்படித்தான், வெண்ணெயில் குத்தின மாதிரி இருந்தன. தரகர் வேறு ஆணி எடுத்தார். அதுவும் வளைந்தது. என்னை மிதித்துக்கொண்டிருந்த காலொன்று மெதுவாக விலகியது.

"ஈயத்துக்கு இம்புட்டு ரோசமா, தரகரே?" என்று கூட்டத்தில் ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

"ஆணி துருவேறிக் கெடக்கு" என்று தரகர் கத்தினார். அடுத்த அடி தப்பி அவர் கட்டைவிரல் நசுங்கியது. சிரிப்பு பெருத்தது. விரலில் ரத்தம் சொட்டத் திரும்பினவர், அதே சுத்தியலால் என் வலது தோளில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இன்றைக்கும் அந்தக் கை தலைக்கு மேல் எழும்பாது. சட்டை போடுவது இடது கையால்தான்.

கத்துவேன் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வாயில் இருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "அண்ணாச்சி, நல்லா ஓங்கி அடிங்க. எங்கம்மா காசு தாங்கும்" என்றேன். இந்தப் பேச்சுத்தான் நான். பிற்காலத்தில் பெரிய பெரிய மில்காரர்கள் முன்னாலும் இதே பேச்சுத்தான் பேசினேன்.

கழுகுமலைக்காரர் பசுவந்தனைப் பெரியவர் காதில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பெரியவர் அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"என்னவே தரகரே, ஈயத்துல ஆணி வளையுமாவே? ஊரே பாக்குது. நான் வாங்குன அச்சாரம் அச்சாரந்தான்."

"அப்போ நான் பொய்யனாவே?"

"அத நீரே அடிச்சுக் காட்டிட்டீரே."

இரண்டு கயிற்றையும் கொண்டுவந்து என் இடது கையில் சுற்றிவிட்டார். மீதி ரூபாயை அறுப்புக்குள் கொடுத்தால் போதும் என்றார். அவர் முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை, கோபம்தான் இருந்தது.

தரகரை நான் வெகுகாலம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. முதல் ஆணி வளைந்தபோதே சுத்தியலைக் கீழே போட்டிருந்தால் சிரிப்போடு போயிருக்கும். அவரால் முடியவில்லை. கை தெரிந்துவைத்திருந்ததை வாய் மறுத்துவிட்டது. அப்புறம் வாய் சொன்னதை நிரூபிக்கக் கை பாடுபட்டது.

வலது கை தொங்க, ஒரு கண் வீங்கி மூட, காளைகளை ஓட்டிக்கொண்டு நடந்தேன். கூட்டம் விலகி வழி விட்டது. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாலைப் புளியமரங்களைத் தாண்டின பிறகும் பின்னாலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. தரகர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்.