செட்டை கழட்டிய பவளம்

எங்கள் மீன்தொட்டியில் காளான் போல நிற்கும் மென்பவளம் போன கிழமை முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. மேலே மெழுகு போல ஒரு படலம் வேறு. எங்கள் ஊர் டண்டினொங்கில் வளர்ப்புமீன் விற்கும் கடைத் தம்பிக்குப் படம் காட்டினேன்.

"அங்கிள், இது செத்துப்போச்சு. எடுத்து எறியுங்கோ. இல்லாட்டி மீனெல்லாம் சாகும்."

பயந்துபோனேன். தண்ணீரை இரண்டு தரம் சோதித்தேன், குறை தெரியவில்லை. ஆனாலும் அதை எடுத்து எறிய வாளியைக் கொண்டுவந்தேன். மனைவி எட்டிப் பார்த்தார்.

"சாகேல்லையப்பா. பாம்பு மாதிரிச் செட்டை கழட்டுது. விடுங்கோ."

நீரோட்டத்தை மட்டும் அதன் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

இன்று காலை படலம் உரிந்து மிதந்தது. மதியத்துக்குள் பவளம் பூத்ததுபோல விரிந்துவிட்டது!

புதுப் படத்தோடு கடைக்குப் போனேன்.

"வடிவாயிருக்கு அங்கிள். எங்க வாங்கினீங்கள்?"

"தம்பி, நீர் எறியச் சொன்னது இதைத்தான்."

"பகிடி விடாதேங்கோ. ஆற்றை கடையில வாங்கினீங்கள், சொல்லுங்கோ."

1970களில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து கடைக்காரர் எவரையும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. இன்று பேசினேன். அவர் கடைசிவரை நம்பவில்லை.

நீங்களும் நம்பாவிட்டால் வீட்டுக்கு வாருங்கள். செட்டையைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.