மீனைப்போல் கழுவிய வெள்ளைப்பூடு

பிள்ளைகளே, வீட்டின் மூத்த பிள்ளையான உங்கள் ராத்தா பிறந்து பத்தாம் நாள், உங்கள் உம்மாவின் உம்மாவான என் மாமிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைக்குத் தொற்றும் என்று அவர் அடுத்த அறையில் படுத்துக்கொண்டார். சமையல் என் தலையில் விழுந்தது. ராத்தாவோ பால் போதாமல் அழுதுகொண்டே இருந்தாள். பால்சுறாக் கறியில் வெள்ளைப்பூட்டை அள்ளிப் போட்டுக் கொடுத்தால் பால் ஊறும் என்று மாமி படுக்கையில் இருந்தே சொன்னார்.

நான் கல்முனையில் மீன் விற்பவன். மீனையே கெடாமல் வைப்பவனுக்கு வெள்ளைப்பூட்டை வைப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். இரண்டு கிலோ வாங்கி, ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து தோலுரித்தேன். மூன்று தண்ணீரில் கழுவி, முதல் மூன்று நாள் கறிக்கு எடுத்தது போக மிச்சத்தை ஈரத்தோடேயே, மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை நுரைப்பெட்டியான புது றெஜிபோம் பெட்டிக்குள் கொட்டிக் காற்றுப் போகாமல் மூடினேன். ஐஸ் மட்டும்தான் போடவில்லை.

நாலாம் நாள் மூடியைத் திறந்தால், எல்லாம் வழுவழுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெளியே மாரி மழை. தெருவில் முழங்கால் வெள்ளம், கடைகள் எல்லாம் பூட்டு. வெள்ளைப்பூடு இல்லாமலே கறியை ஆக்கி, உங்கள் உம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

உம்மா ஒரு வாய் வைத்தாள். "வெள்ளப்பூடு போடல்லயா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து காட்டினேன்.

"கழுவினீங்களா?"

"ஓம். மூணு தண்ணி."

"இஞ்ச பாருங்க, விளமீனெண்டு நினைச்சீங்களா? செதிலும் சொரண்டினீங்களா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பிள்ளைக்குப் பால் இல்லாமப் போனா?" என்றேன். என் கண் கலங்கியதை அவள் கண்டுவிட்டாள்.

"மறுகா என்ன, சோத்தத் திண்டாலும் பால் ஊறும். நீங்க அழுதா நான் திங்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு, தட்டை வழித்துத் தின்றாள். பிறகு பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ராத்தா அன்று வெகுநேரம் குடித்தாள், குடித்தபடியே தூங்கிப்போனாள்.

வெள்ளம் வடிந்ததும் வெள்ளைப்பூடு வாங்கி வந்தேன். தோலோடேயே கூடையில் காற்றாட வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உரித்தேன். இன்றும் அப்படித்தான்.

வெள்ளைப்பூடு இல்லாத அந்தக் கறியில் சட்டியில் மிஞ்சியதை அன்றே மாமிக்கும் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் கேட்டார். உப்பை இரண்டு தரம் போட்டிருக்கிறேன். உங்கள் உம்மா அதைச் சொல்லவேயில்லை.