மூன்றாவது முழுக்கு

2012இல், சிட்னியின் ஹோம்புஷில் எங்கள் ஃபிளாட்டுக்குள் நுழைவதற்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டவள் நான். வேலையால் வரும் கணவரும், சைல்ட்கெயாரால் வரும் மூன்று வயது மகளும் வாசலில் விரித்த பேப்பரில் நின்று உடுப்பைக் கழற்றிவிட்டு, எதையும் தொடாமல் குளியலறைக்குப் போக வேண்டும். முழுகி முடியும்வரை பெற்ற பிள்ளையை நான் தொட மாட்டேன்.

செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகுவது எங்கள் வழக்கம். சிட்னிக்கு வந்தும் நாங்கள் அதை விடவில்லை. தெரிந்த ஒருவரின் இறுதிச் சடங்குக்குப் போய் வந்த அன்று நானும் முழுகினேன். சரியாக முழுகினேனா என்று சந்தேகம் வந்தது. இன்னொரு தரம் முழுகினேன். பிறகு மூன்றாவது தரம். அதோடு பிடித்தது சனியன். செத்தவீட்டுக்குப் போன யாராவது ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயிலில் எனக்கு முன் அந்த இருக்கையில் இருந்திருக்கலாம். அந்தத் துடக்கு, சாவுத் தீட்டு, என்னிலிருந்து மகளில் ஒட்டினால் அவள் செத்துப்போவாள். எனக்குச் சந்தேகம் வராத ஒரே விஷயம் அதுதான். குளியலறையை விட்டு வெளியே வரக் கதவுப் பிடியைத் தொட வேண்டும். தொட்டால் திரும்பவும் முழுக வேண்டும். ஈரத்தோடு உள்ளே நின்று அழுவேன்.

உதவி தேடாமல் இல்லை. பென்டில் ஹில்லில் எங்கள் தமிழ் டொக்டர் சிரித்தார். “எங்கட ஆக்கள் அப்பிடித்தானே தங்கச்சி. சுத்தம் நல்லதுதான்.” மாமிக்கோ என்னில் பெருமை. “இஞ்ச வந்தும் ஆசாரத்தை விடேல்லை” என்று ஊரெல்லாம் போன் எடுத்துச் சொன்னா. டொக்டரிடம் மன்றாடி வாங்கிய கடிதத்தோடு ஓர் உளவியலாளரிடம் போனேன். வெள்ளைக்காரப் பெண். மூச்சை இழுத்து விடப் பழக்கினார். துடக்கைப் பற்றிச் சொன்னதும், அது உங்கள் பண்பாடு, அதில் நான் தலையிடக்கூடாது என்றார். அந்த மரியாதை எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. யாராவது தலையிட்டால்தானே நான் வெளியே வரலாம்! வீட்டுக்குப் போய் மூன்று தரம் முழுகினேன்.

ஒரு வருடம் கழித்து, திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் இந்த நோய்க்கு மட்டுமே சிகிச்சை செய்யும் ஒருவர் மெல்பேர்னில் இருப்பதை இன்டர்நெட்டில் கண்டேன். வீடியோ அழைப்பில் பார்ப்பாராம். முதல் நாளே ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்:

“செத்தவீட்டுக்குப் போய் வந்தால் உங்கள் அம்மா எத்தனை தரம் முழுகுவார்?”

“ஒரு தரம்.”

“அதற்குப் பிறகு?”

யோசித்தேன். “தேநீர் குடிப்பார்.”

“அப்படியென்றால் முதல் முழுக்கு உங்கள் அம்மாவுடையது. அதை நான் ஒன்றும் செய்ய மாட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் நோய்.”

அவருக்கு முன்னாலேயே அழுதுவிட்டேன். இத்தனை நாளாக ஒருவரும் பிரித்துக் காட்டாததை அந்த மனிதர் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிட்டார்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் குளியலறைக்கும் போகச் சொல்வார். முன்பு போன கிளினிக்கில் நான் ஒழுங்கான பெண். நோய் இருந்தது வீட்டில். வாசல் பேப்பரை எடுக்கச் சொன்னார். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் இருக்கச் சொன்னார். கை தன்பாட்டில் குழாய்க்குப் போகும். கழுவக்கூடாது. அப்படியே ஆறு கிழமை போனது.

ஏழாவது கிழமைப் பயிற்சி மகள். அவள் வந்ததும், முழுக விடாமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். மடிக்கணினியைக் கதிரையில் வைத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் அவளைக் கூட்டி வந்தார். சப்பாத்தெல்லாம் மணல், கையெல்லாம் பெயின்ட். செத்துப்போவாள், செத்துப்போவாள் என்று தலைக்குள் ஒன்று கத்தியது. முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் அலறிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினாள்.

“தொடாதேங்கோ அம்மா! நான் இன்னும் முழுகேல்லை.”